கோதைக்கு ஃபிளாஷ்பேக் எங்கே?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஒரு சாவில் தொடங்கிய ஊர். தல வரலாறு அப்படித்தான் சொல்கிறது. மல்லி என்று வேடர் குலத்து அரசி ஒருத்தி. அவளுக்கு வில்லி, கண்டன் என்று இரண்டு பிள்ளைகள். வேட்டைக்குப் போன இடத்தில் கண்டனைப் புலி அடித்துவிடுகிறது. உடன்பிறந்தவனைக் காடெல்லாம் தேடிக் களைத்த வில்லி ஒரு மரத்தடியில் தூங்கிப்போகிறான். கனவில் பெருமாள் வந்து நடந்ததைச் சொல்லி, இந்தக் காட்டைத் திருத்தி ஊராக்கு, எனக்கொரு கோயில் கட்டு என்கிறார். வில்லி எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு மரம் வெட்டப் போகிறான்.

இதை இன்றைய கதை விவாத அறையில் சொன்னால் ஆளுக்கு ஒரு டீ கூடுதலாகச் சொல்வார்கள். அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு புலி. முதல் பத்து நிமிஷம் ரெடி. மீதி இரண்டு மணி நேரமும் வில்லி கழுத்தில் புலிநகத்தோடு அலைவான். தெருவில் பூனை போனால்கூட அவன் கண் சிவக்கும், பின்னணியில் வயலின் அழும்.

ஊர்க்காரர்கள் செய்தது வேறு. வில்லியின் பெயரை ஊருக்கு வைத்துக்கொண்டு கண்டனை மறந்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கண்டன் என்று விசாரித்தால், எந்தத் தெரு என்று திருப்பிக் கேட்பார்கள். புலிக்கும் ஒரு குறை வைக்கவில்லை. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவித்து, நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகமாகப் பட்டாவே போட்டுக் கொடுத்தாயிற்று. கண்டன் தரப்பில் யாரும் ஆட்சேபம் எழுதிக் கொடுத்ததாகச் செய்தி இல்லை.

இவ்வளவு தோதான ஒரு துக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த ஊர் உலகத்துக்குச் சொன்ன கதை வேறொன்று. அதில் புலி கிடையாது, கொலை கிடையாது, பழிவாங்கல் கிடையாது. கோதை என்று ஒரு பெண், பின்னாளின் ஆண்டாள், ஒரு மாலையைப் போட்டுப் பார்த்தாள். அவ்வளவுதான் சம்பவம். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது.

சமீப காலமாக நம் கதைக்காரர்களிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது: கதாபாத்திரம் என்றால் சிறு வயதில் ஓர் அடி பட்டிருக்க வேண்டும். அப்பா குடித்திருக்க வேண்டும், அம்மா ஓடியிருக்க வேண்டும், தங்கை கிணற்றில் விழுந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆள் ‘தட்டையாக’ இருக்கிறானாம். ‘நாயகன்’ வேலு 1987இல் அப்பாவைப் போலீஸுக்குப் பறிகொடுத்துவிட்டுத்தான் பம்பாய்க்கு ரயிலேறினான். 1995இல் அன்வரைப் பறிகொடுத்த பிறகுதான் மாணிக்கம் பாட்ஷா ஆனான். இரண்டும் நல்ல படங்கள், அவற்றின் மேல் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. பார்த்து வளர்ந்தவர்கள் அந்தக் காயத்தை மட்டும் தனியே கழற்றி வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் மாட்டிவிடுவதுதான் சகிக்கவில்லை. போன மாதம் ஒரு வெப் சீரிஸில் தபால்காரருக்குக்கூட ஃபிளாஷ்பேக் வந்தது. பாவம், மணியார்டர் கொடுக்க வந்த மனுஷர்.

ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிகளில் ஓடுவது பேண்டேஜ் துணி. ஆஸ்பத்திரிகளை விட்டுத் தள்ளுங்கள். நம் கதாநாயகர்களின் பால்ய காலத்துக்கு மட்டும் சப்ளை செய்தாலே அந்த ஊரில் மூன்று ஷிஃப்டும் ஓடும்.

சரி, அந்தக் கதை நிபுணர்களில் ஒருவரை எட்டாம் நூற்றாண்டோ ஒன்பதாம் நூற்றாண்டோ, அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்குவோம். வடபழனி ஆலோசகர். கையில் குறிப்பேடு, கழுத்தில் துண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனம். 192 அடி ராஜகோபுரம் இன்னும் எழவில்லை. தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரமா மதுரைக் கோபுரமா என்ற சண்டையும் அதனால் இன்னும் எழவில்லை. கோதைக்கு அப்பா ஆகப்போகிற விஷ்ணுசித்தர் குனிந்து பூப் பறித்துக்கொண்டிருக்கிறார்.

“சாமி, உங்க பேக் ஸ்டோரி என்ன?”

“பூப் பறிக்கிறேன்.”

“அதுக்கு முன்னாடி?”

“செடி வச்சேன்.”

“அதுக்கும் முன்னாடி சாமி. ஆழமா போங்க.”

“குழி வெட்டினேன் தம்பி. ஒரு முழ ஆழம்.”

ஆலோசகர் எதையோ எழுதி அடித்துவிட்டார். மனிதர் பெரிய சம்பவமெல்லாம் பார்த்தவர்தான். மதுரையில் பாண்டியன் வல்லபதேவன் சபையில், எது பரம்பொருள் என்று நிறுவுகிறவருக்குப் பொற்கிழி என்று கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். படித்த பண்டிதர்கள் எல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, இந்தத் தோட்டக்காரருக்குக் கனவில் உத்தரவு வருகிறது: போய்ப் பேசு. (இந்த வட்டாரக் கதைகளில் எல்லா உத்தரவும் கனவில்தான் வரும். ஓலை கிடையாது, முத்திரை கிடையாது, நகல் கேட்டு மனுப் போடவும் முடியாது.) போனார், பேசினார், கம்பம் தானே வளைந்து கிழியைக் கொடுத்தது. யானை மேல் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். வேடிக்கை பார்க்கப் பெருமாளே கருடன் மேல் வந்துவிட்டார்.

இங்கே வேறு யாராக இருந்தாலும், சிறு வயதில் தன்னைக் கேலி செய்த பண்டிதரைக் கூட்டத்தில் தேடியிருப்பார்கள். விஷ்ணுசித்தருக்கு ஒரே ஒரு கவலை: இவ்வளவு பேர் பார்க்கிறார்களே, பெருமாளுக்குக் கண் பட்டுவிடுமே! யானை மணியையே தாளமாக எடுத்துக்கொண்டு, கடவுளுக்கு நீண்ட ஆயுள் வாழ்த்திப் பல்லாண்டு பாடினார். ஆயுளுக்கு எல்லையே இல்லாதவருக்கு ஆயுள் வாழ்த்து. இந்தப் பாத்திரத்தை எந்தக் காயம் வைத்து விளக்குவீர்கள்? மனிதருக்கு அந்தப் பெருமாள் மேல் பெற்ற தாய்க்கு இருக்கிற பிரியம், அதுதான் மொத்தமும்.

ஆடிப் பூரத்தன்று துளசிச் செடியடியில் குழந்தை கிடைத்ததும் ஆலோசகர் துள்ளிக் குதித்தார்.

“வந்துச்சு பாருங்க! பெத்தவங்க விட்டுட்டுப் போன குழந்தை! வளர்ந்த பிறகு ஒருநாள் உண்மை தெரியுது. நான் யாரோட பொண்ணுன்னு கத்துறா. மழை. இன்டர்வல்.”

“பூமித்தாய் கொடுத்த பெண் தம்பி. கோதைன்னு பேர் வச்சிருக்கேன்.”

“அந்தத் தாய் பின்னாடி திரும்பி வருமா?”

“எங்கே போச்சு, திரும்பி வர? நீர் அதன் மேலதானே நிக்கிறீர்.”

அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். செடியடியில் கிடைத்த குழந்தை என்பது இன்றைக்கு ஆறு எபிசோடுக்குத் தீனி. மரபு அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறது. சீதையும் உழுசாலில் கிடைத்தவள்தான். ஜனகர் வீட்டில் அவள் ஒருநாளாவது கலப்பையைப் பார்த்து விம்மியதாகக் கம்பர் எழுதவில்லை.

கோதை வளர்ந்தாள். அப்பா பெருமாளுக்கென்று தொடுத்து வைத்த மாலையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டு, கிணற்றில் எட்டிப் பார்த்தாள். அவருக்கு நான் ஜோடிதானா என்று சரிபார்த்துவிட்டு, கழற்றிக் கூடையில் பழையபடி வைத்தாள். அந்தக் கண்ணாடிக் கிணற்றை இன்றைக்கும் காட்டுகிறார்கள். போகிற பெண்கள் எட்டிப் பார்த்துத் தலை சரிசெய்துகொள்கிறார்கள். ஆண்களும்தான், யாரும் கவனிக்காதபோது. ஒருநாள் மாலையில் ஒரு தலைமுடி. விஷ்ணுசித்தருக்கு உயிரே போய்விட்டது. புது மாலை கட்டிக்கொண்டு போனார். வழக்கம்போலக் கனவு: அந்தப் பெண் சூடியதுதான் எனக்கு வேண்டும்.

ஆலோசகர் இப்போது கோதையிடமே போனார்.

“ஏம்மா, மனுஷனைக் கட்டிக்க மாட்டேன்னு சொல்றியாமே. சின்ன வயசுல யாராவது மனசை நோகடிச்சாங்களா?”

“இல்லை.”

“பின்ன ஏன்?”

“எனக்கு அவர் வேணும்.”

“அதான் ஏன்?”

“வேணும்னா வேணும்.”

இந்த ஒரு ‘வேணும்’ போதும். நான் பார்த்த வரையில் கதையை இழுத்துப் போவது பட்ட காயம் அல்ல, விட மாட்டேன் என்கிற ஆசை. யாராலும் கொடுக்க முடியாத ஒன்றை ஒருத்தி கேட்டுவிட்டால் போதும், தடை தானாக வந்து வாசலில் நிற்கும். இவள் கேட்டது சாதாரண மாப்பிள்ளையா? பாற்கடலில் படுத்திருக்கிறவர். சம்பந்தம் பேசப் போவது யார், ஜாதகம் கேட்பது யாரிடம்?

அதற்காக அவள் செய்யாத வேலை இல்லை. ‘திருப்பாவை’ 30 பாட்டில் ஊர்ப் பெண்களையெல்லாம் மார்கழிக் குளிரில் எழுப்பி, ஸ்ரீவில்லிபுத்தூரையே ஆயர்பாடி ஆக்கிவிட்டாள். ‘நாச்சியார் திருமொழி’ 143 பாட்டில் இன்னும் போகிறாள். பெருமாளைச் சேர்த்து வை என்று காமனுக்கு நோன்பு இருக்கிறாள். மேலதிகாரியைப் பிடிக்க அவர் பிள்ளையிடம் சிபாரிசுக்குப் போகிற கதைதான். சங்கைக் கூப்பிட்டு, அவன் வாயின் மணமும் சுவையும் எப்படி என்று விசாரிக்கிறாள். குயிலைத் தூது போகச் சொல்கிறாள். மேகத்தை வேங்கடத்துக்கு அனுப்புகிறாள். ஆயிரம் யானை சூழ மாப்பிள்ளை வந்ததாகக் கல்யாணக் கனவு காண்கிறாள். கனவு இலாகா அதுவரை பெருமாள் கையில் இருந்தது. அதையும் இவள் எடுத்துக்கொண்டாள். இத்தனையிலும் தன் பிறப்பை நினைத்து உட்கார்ந்து அழுகிற பாட்டு ஒன்று இல்லை. அதற்கு அவளுக்கு நேரமும் இல்லை.

இதற்கு மேல் முந்திரி, திராட்சை தூவ நினைப்பவர்கள் கோயில் வாசலில் பால்கோவா விற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். பாலும் சர்க்கரையும் மட்டும் போட்டுக் காய்ச்சித்தான் 2019இல் புவிசார் குறியீடே வாங்கினார்கள்.

காயம் உண்டு, இல்லாமல் இல்லை. அது கதையின் கடைசியில் வருகிறது, அதுவும் அவளுக்கு இல்லை. பல்லக்கில் மகளை ஏற்றி ஸ்ரீரங்கம் வரை கொண்டுபோன விஷ்ணுசித்தர், அவள் அரங்கனோடு கலந்த பிறகு தனியாகத் திரும்பி வருகிறார். செடியெல்லாம் அப்படியே பூத்திருக்கும். பெருமாளுக்கே பல்லாண்டு பாடின வாய், ஒரே மகளை வைத்திருந்தேன், கொண்டுபோய்விட்டானே என்று புலம்புகிறது. நமக்குத் தொண்டை அடைப்பது அந்த இடத்தில்தான். ஏனென்றால் அந்தக் குழந்தை செடியடியில் கிடந்த நாளிலிருந்து நாமும் கூடவே இருந்திருக்கிறோம். நாம் பார்க்காத காலத்தில் பட்ட அடியைச் சொல்லிக் காட்டினால் ஐயோ பாவம் என்போம். நம் கண்ணெதிரே பட்டால்தான் வலிக்கும்.

முன்கதை மோகம் வடபழனியில் பிறந்தது என்று சொன்னால் அநியாயம். கிருஷ்ணதேவராயருக்கே இருந்தது. கலிங்கப் படையெடுப்பின் வழியில் ஸ்ரீகாகுளத்தில் தங்கியபோது (ஆமாம், கனவில்தான்) ஆந்திர விஷ்ணு வந்து, என் கல்யாணக் கதையைத் தெலுங்கில் எழுது என்றாராம். ராயர் ‘ஆமுக்த மால்யத’ எழுதினார். சூடிக் கொடுத்தவள் என்று தலைப்பே அவள் பெயரில். மொத்தம் ஆறு ஆசுவாசம், நம் கணக்கில் அத்தியாயம். கதாநாயகி எப்போது வருகிறாள்? ஐந்தாவதில். அதுவரை விஷ்ணுசித்தர் கதை, கேசித்வஜன் கதை, யாமுனாசாரியார் கதை, நடுவே வெயில், மழை, பனி. அவள் வந்த பிறகாவது விட்டாரா? பெண்ணின் நிலையைப் பற்றி அப்பா பெருமாளிடம் கவலையோடு கேட்கப் போனால், மாலதாசரி கதை ஆரம்பிக்கிறது. அந்தத் தாசரியைத் தின்ன வந்த பிரம்மராட்சசன் தன் பூர்வ ஜென்மத்தைச் சொல்கிறான். படித்தால் ராட்சசன் மேல் பரிதாபம் வருகிறது, கல்யாணத்துக்கு நேரமாகிறதே என்று பதற்றமும் வருகிறது. காவியம் மகா காவியம்தான், மழைக்கால வர்ணனைக்கு மட்டுமே தனி மரியாதை செய்யலாம். ஆனால் ஒன்று கவனித்தீர்களா? ராட்சசனுக்கு முன்கதை போட்ட ராயர், கோதைக்கு ஒரு பழைய சோகம் போடவில்லை. விஜயநகரச் சக்கரவர்த்திக்கே கை வரவில்லை.

அந்தத் தெலுங்குக் கல்யாணத்தைத் தமிழுக்கு அழைத்துவந்தவர் ராஜபாளையத்துக்காரர், மு. கு. ஜகந்நாத ராஜா. வீட்டில் தெலுங்கு, வீதியில் தமிழ் என்று வாழ்கிற ராஜுக்களின் ஊர் அது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண், ஹம்பி வரைக்கும் போய்ச் சுற்றிக்கொண்டு டவுன் பஸ் தூரத்துக்குத் திரும்பி வந்து சேர்ந்தாள்.

முன்கதையை எங்கே வைப்பது என்பதில் சிலப்பதிகாரத்து இளங்கோ கெட்டிக்காரர். கோவலன் கொலைக்கு முற்பிறவிக் காரணம் ஒன்று வைத்திருந்தார்: கலிங்கத்தில் பரதன் என்ற பெயரில் பிறந்து, சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தவன் அவன்; சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அலறி அலைந்து, மலையிலிருந்து விழுந்து சாபமிட்டாள். முதல் காட்சிக்கு எப்படிப்பட்ட சரக்கு! அதை அவர் எங்கே வைத்தார்? கண்ணகி வழக்குரைத்து, பாண்டியன் செத்து, மதுரை எரிந்து முடிந்த பிறகு, மதுராபதித் தெய்வம் வந்து விளக்கம் சொல்கிறது. தீயணைப்பு வண்டி போன பிறகு வந்த எஃப்.ஐ.ஆர். சிலம்பு தெரிந்தவர்கள் பத்துப் பேரிடம் நீலியைக் கேளுங்கள். ஒன்பது பேர் வேறு நீலியைச் சொல்வார்கள்.

முன்கதையே வேண்டாம் என்கிறேனா? இல்லை. கூனி இருக்கிறாளே. வால்மீகியில் அவள் மாடியில் ஏறி ஊர் அலங்காரத்தைப் பார்க்கிறாள், வயிறெரிகிறாள், இறங்கி வந்து குடும்பத்தைக் கெடுக்கிறாள். கம்பர் ஒரு காரணம் போட்டார். சின்ன வயசில் ராமன் வில்லில் மண் உருண்டை வைத்து அவள் கூனில் அடித்தான். அதை அவள் மறக்கவில்லை. எவ்வளவு சின்ன விஷயம், எவ்வளவு பெரிய காடு! ஆனால் அளவைப் பாருங்கள். அந்த அடிக்கு ஒரு படலம் ஒதுக்கவில்லை கம்பர். போகிற போக்கில் நினைவூட்டிவிட்டு, கூனியைக் கைகேயியின் படுக்கையருகே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார். பத்தாயிரம் பாட்டுப் பாடினவருக்கு உருண்டையின் அளவு தெரிந்திருந்தது. நம் ஆட்கள் உருண்டை எந்தக் குளத்து மண் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

கோதைக்கு ஒரு முன்கதை தேடினால் என்ன ஆகும் என்பதற்கு ராஜபாளையமே சாட்சி. 2018 ஜனவரியில் வைரமுத்து அங்கே ‘தமிழை ஆண்டாள்’ என்று பேசினார். அவள் கவிதையைப் பற்றித்தான் பெரும்பகுதி. நடுவே அவள் பிறப்பைப் பற்றி ஓர் ஆய்வு வரியை மேற்கோள் காட்டினார். அடுத்த சில வாரங்களுக்குப் போராட்டம், புகார், ஸ்ரீவில்லிபுத்தூர் ஜீயரின் உண்ணாவிரதம், வருத்தம் தெரிவித்தல். தொலைக்காட்சிகளில் இரவு இரவாக விவாதம். அவள் யார் மகள் என்று எல்லோரும் பேசினார்கள். சங்கிடம் அவள் கேட்ட கேள்வியை ஒருவரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இன்னும் இரண்டு வாரம் ஓடியிருக்கும்.

நிஜ வாழ்க்கையில் காயம் இருந்தவர் கதையும் அதே ஊரில் உண்டு. பூ. ச. குமாரசாமி ராஜா, 1898இல் ராஜபாளையத்தில் பிறந்தவர். பிறந்த சில நாளிலேயே தாய் போனார், நினைவு தெரியுமுன் தந்தையும் போனார். ஆலோசகர் அளவெடுத்துத் தைத்த மாதிரி. மனிதர் வளர்ந்து காந்தி பக்கம் போனார், 1949இல் சென்னை மாகாண முதல்வர் ஆனார், 1952 தேர்தலில் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே தோற்றார். சுவரைக் குத்திக் கை உடைத்துக்கொள்ள வேண்டிய இடம் இது. அவர் ஒரிசாவுக்கு ஆளுநராகப் போனார். தன் வீட்டை ஊருக்குக் கொடுத்துக் காந்தி கலை மன்றம் ஆக்கினார். படம் எடுத்தால் சண்டைக் காட்சியே வராது.

ராஜபாளையம் நாயையும் விடவில்லை நம்மவர்கள். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, 2005இல் தபால்தலையில் வேறு வந்தது. அதற்கும் ஒரு முன்கதை சொல்கிறார்கள்: மலையடிவாரத்தில் எஜமானரைப் புலியிடமிருந்து நான்கு நாய்கள் காப்பாற்றினவாம். இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேட்காதவை அதிகம். யார் வந்து என்ன பேக் ஸ்டோரி சொன்னாலும் அது கேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

கோதையின் கதைக்கு இரண்டாம் பாகம் வந்தது, அதுவும் அவள் ஆசை ஒன்று பாக்கி நின்றதால். திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெய், நூறு தடா அக்காரவடிசில் தருகிறேன் என்று பாட்டில் நேர்ந்துகொண்டவள், சமைக்காமலே ஸ்ரீரங்கம் போய்விட்டாள். சில நூற்றாண்டு கழித்து அந்தப் பாட்டைப் படித்த ராமானுஜர், பெண் பிள்ளை நேர்ந்த கடன் அப்படியே நிற்கிறதே என்று அழகர்கோயிலுக்குப் போய் நூறு தடாவையும் காய்ச்சி வைத்தார். அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தால், சந்நிதியிலிருந்து ‘அண்ணா’ என்று ஆண்டாள் கூப்பிட்டாளாம். அன்றிலிருந்து அவர் அவளுக்குக் கோயில் அண்ணன்.

ஆலோசகர் அழகர்கோயில் பந்தியிலும் உட்கார்ந்திருந்தார். குறிப்பேட்டைத் திறந்து மெல்லக் கேட்டார்: “சாமி, உங்களுக்குச் சின்ன வயசுல தங்கச்சி யாராவது தொலைஞ்சு போனாங்களா?”

“தொன்னையை நேரா பிடியும் தம்பி,” என்றார் ராமானுஜர். “நெய் ஒழுகுது.”